ஐந்து கையெழுத்தும் ஒரு ஜோடிக் கண்ணும்

போன வாரம் ஷர்மிளா போன் பண்ணினாள். நான் வேலை பார்த்த மருந்துக் கம்பெனியில், நான் உட்கார்ந்திருந்த அதே ஹாலில், இப்போது புதுப் பெண்களுக்குப் பயிற்சி கொடுப்பவள் அவள்தான்.

"எஸ்தர் அக்கா, ஒரு ஹெல்ப். இன்ஸ்பெக்ஷன், செக்கிங், எக்ஸாமினேஷன், வெரிஃபிகேஷன், ரிவ்யூ, ஸ்க்ரூட்டினி... இதுக்கெல்லாம் வித்தியாசம் என்னன்னு தமிழ்ல ஸ்லைடு போடச் சொல்றாங்க. எல்லாமே பார்க்கறதுதானே அக்கா? எதை எப்படிப் பிரிக்கறது?"

"எல்லாமே பார்க்கறதுதான்னு கமலநாதன் சார் எதிர்ல சொல்லியிருந்தா, அன்னிக்கே உன்னை வீட்டுக்கு அனுப்பியிருப்பாரு" என்றேன்.

அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லி போனை வைத்தேன். இது ஸ்லைடில் அடங்குகிற சங்கதி இல்லை. ஷர்மிளா சேருவதற்கு முன்னால் நடந்தது. எனக்குப் பெருமை தருகிற கதையும் இல்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

இரும்புலியூரில் கம்பெனி பஸ் ஏறி இருபத்தாறு வருஷம் போய் வந்தவள் நான். முதலில் அட்டைப்பெட்டி மடிக்கிற பிரிவு. ஆறு மாசம் மடித்தேன். ஒரு நாள் ஹாலில் ஆள் குறைந்தது என்று எங்களில் எட்டுப் பேருக்குக் கண் பரிசோதனை வைத்தார்கள். தேறியது நான் ஒருத்திதான். ஏழாம் நம்பர் நாற்காலி கொடுத்தார்கள். ஹாலில் இருந்த வரைக்கும் என் பெயரைவிட அந்த நம்பர்தான் எல்லார் வாயிலும் இருந்தது. "ஏழாம் நம்பர் பார்த்தாச்சா? அப்போ விடு" என்பார்கள். அதைக் கேட்டுக் கேட்டு எனக்கும் கொஞ்சம் தலை கனத்துப்போனது. மறைப்பானேன்?

வேலை என்னவென்றால், ஊசி மருந்து நிரப்பிய கண்ணாடிக் குப்பிகளை ஒன்று விடாமல் பார்ப்பது. எங்கள் மேஜை, முன்பக்கம் திறந்த பெட்டி மாதிரி இருக்கும். உள்ளே பாதி கறுப்புப் பலகை, பாதி வெள்ளைப் பலகை, தலைக்கு மேலே விளக்கு. குப்பியின் கழுத்தைப் பிடித்துத் துணியால் ஒரு துடைப்பு. மெதுவாக ஒரு சுழற்று. பிறகு தலைகீழாக ஒரு திருப்பு. குலுக்கவே கூடாது. குலுக்கினால் நுரை வரும், நுரைக்கும் தூசிக்கும் வித்தியாசம் தெரியாது. சுழற்றி நிறுத்தினால் குப்பி நின்றுவிடும், உள்ளே மருந்து மட்டும் சுற்றிக்கொண்டிருக்கும். அதோடு சேர்ந்து ஏதாவது நகர்ந்தால் அதுதான் திருடன். கறுப்புக்கு முன்னால் ஐந்து எண்ணணும், அதில் பஞ்சும் கண்ணாடிச் சில்லும் தெரியும். வெள்ளைக்கு முன்னால் ஐந்து எண்ணணும், அதில் கறுப்புத் துகள் தெரியும். நல்லது பச்சைத் தட்டுக்கு, கெட்டது சிவப்புத் தட்டுக்கு. ஒரு மணி நேரத்துக்கு ஒரு தரம் எழுந்துபோய்க் கண்ணை மூடி உட்காரணும்.

அந்த மருந்து நேராக நரம்பில் ஏறுவது. குழந்தைகள் வார்டுக்கும் போகும். வேறென்ன சொல்ல?

கமலநாதன் சார்தான் தரக் கட்டுப்பாட்டுக்குத் தலைவர். ஒல்லியான மனுஷர், குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. உயர்த்தாததுதான் பயம். ஒரு காகிதத்தை நம் முன்னால் வைத்துவிட்டுப் பேசாமல் நிற்பார். நாமே உளறிக் கொட்டுகிற வரைக்கும் நிற்பார். சாயங்காலம் ஹாலை விட்டுக் கிளம்பும்போது தினமும் ஒரு கேள்வி கேட்பார்: "எஸ்தர்ம்மா, பார்த்தீங்களா? இல்ல, பார்க்கற மாதிரி உட்கார்ந்திருந்தீங்களா?"

நான் ஹாலுக்கு வந்த முதல் நாளே அந்தத் தாளைக் காட்டினார். ஒவ்வொரு பேட்ச் மருந்துக்கும் ஒரு தாள், அதில் கையெழுத்துக்கு ஐந்து கட்டம். ஐந்து கட்டத்துக்கும் ஐந்து இங்கிலீஷ் வார்த்தை.

"முதல் கட்டம் இன்ஸ்பெக்டட். அது நீங்க. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க பொண்ணு பார்க்க வருவாங்களே, அப்படி. குறை இருக்கும்னு நினைச்சே பார்க்கணும், ஒண்ணு விடாம. ரெண்டாவது செக்ட். சூப்பர்வைசர் எண்ணிக்கையும் லேபிளும் சரியான்னு ஒப்பிடறாரு, அவ்வளவுதான். மூணாவது எக்ஸாமின்ட். நீங்க பாஸ் பண்ணினதுல எங்க ஆளு கைக்கு வந்த கொஞ்சத்தை எடுத்து லென்ஸ் வெச்சுக் குடையறாரு. நாலாவது வெரிஃபைட். இவங்க மூணு பேரும் செய்ய வேண்டியதைச் செஞ்சாங்களான்னு ஒருத்தர் உறுதி பண்றாரு. அஞ்சாவது ரிவ்யூட். அது நான். நான் காகிதத்தை மட்டும்தான் பார்க்கறேன்."

பிறகு பேனாவை மூடிப் பையில் செருகிக்கொண்டு சொன்னார்: "அஞ்சு கையெழுத்து இருக்குன்னு எல்லாரும் தைரியமா இருப்பாங்க. எல்லாக் குப்பியையும் கையில எடுத்துப் பார்க்கறது உங்க கையெழுத்து மட்டும்தான்."

"ஸ்க்ரூட்டினின்னு ஒண்ணு சொல்றாங்களே சார்?"

"அது தப்பு நடந்தப்புறம் வர்றது. அப்போ குப்பியைப் பார்க்க மாட்டாங்க. உங்களைப் பார்ப்பாங்க."

நம் ஊரில் இத்தனைக்கும் சேர்த்து, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார் என்று முடித்துவிடுவோம். எனக்கும் அப்போது அதுதான் தோன்றியது. இந்த ஆள் என்ன, பார்க்கிறதைப் போய் ஆறு கூறு போடுகிறார் என்று உள்ளுக்குள் சிரித்தேன்.

ஆறு மாசத்துக்கு ஒரு தரம் எங்களுக்குக் கண் பரிசோதனை உண்டு. முதலுதவி அறைச் சுவரில் எழுத்துகள் போட்ட சார்ட் ஒன்று மாட்டியிருக்கும். ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு நர்ஸம்மா முன்னால் படிக்கணும். அந்த அறையில்தான் நாங்கள் கண்ணுக்கு ஓய்வு கொடுக்கவும் உட்காருவோம். தினமும் அதே சார்ட் எதிரில். உற்றுப் பார்ப்பதே பிழைப்பாக இருக்கிறவளுக்கு எதிரில் இருக்கிறதைப் பார்க்காமல் இருக்க முடியுமா? சண்டே ஸ்கூலில் மனப்பாட வசனம் ஒப்பிக்கிற மாதிரி, மேலிருந்து கீழ்வரை எனக்கு அது அத்துபடி. பல வருஷம் அதனால் ஒரு கெடுதலும் இல்லை. கண் நன்றாக இருந்தது.

ஓய்வுக்கு இரண்டு வருஷம் இருக்கும்போது விளக்கைச் சுற்றி வளையம் தெரிய ஆரம்பித்தது. பெருங்களத்தூரில் நின்றால் பஸ் நம்பர் பக்கத்தில் வந்த பிறகுதான் தெரியும். சர்ச்சில் பாட்டுப் புத்தகத்தை விரித்துவைத்துக்கொண்டு நிற்பேன், பாட்டு மனசிலிருந்து வரும். கண்புரை என்று டாக்டரிடம் போகாமலே எனக்குத் தெரியும். எங்கள் அம்மாவுக்கும் இருந்தது.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். பயம் கொஞ்சம், திமிர்தான் அதிகம். கண் போச்சென்றால் மறுபடி அட்டைப்பெட்டி மடிக்கப் போகணும். ஏழாம் நம்பர் அட்டைப்பெட்டி மடிக்கிறதா? இன்னும் இரண்டே வருஷம், ஓட்டிவிடலாம் என்று நினைத்தேன். பரிசோதனை வந்தது. சார்ட்டை ஒப்பித்தேன். நர்ஸம்மா, "இந்த வயசுல என்னக்கா கண்ணு உங்களுக்கு!" என்று மெச்சினாள். வெட்கமில்லாமல் சிரித்தேன்.

அப்போது எட்டாம் நம்பரில், எனக்கு அடுத்த மேஜையில் இருந்தவள் மும்தாஜ். பீர்க்கன்கரணையிலிருந்து வருவாள். வேலையில் நல்ல சுத்தம், பேச்சு குறைவு. அந்த வருஷம் ரமலான் நல்ல வெயிலில் வந்தது. நோன்பு தொடங்கி நாலாவது நாள், பதினோரு மணிக்கு ஹால் கதவைத் திறந்துகொண்டு கமலநாதன் சார் வந்தார். கையில் ஒரு சின்ன தட்டு. தட்டில் ஒரே ஒரு குப்பி.

"நேத்து பாஸ் ஆன பேட்ச்ல கண்ணாடிச் சில்லு. வேலையை நிறுத்துங்க" என்றார்.

அந்த பேட்ச்சைப் பார்த்தது இரண்டே பேர், நானும் மும்தாஜும். எங்கள் இருவரின் பச்சைத் தட்டும் ஒரே கூடையில்தான் போய்ச் சேரும். அதனால் எந்தக் குப்பி யார் பார்த்தது என்று சொல்ல முடியாது. ஆனால் எனக்குத் தெரியும்.

உற்பத்தி மேனேஜர் பின்னாலேயே வந்தார். பெயர் வேண்டாம். மும்தாஜ் காதில் விழும்படியே பேசினார்: "நோன்புல இருக்காங்க சார். பச்சைத் தண்ணிகூட இல்லாம இந்த விளக்குக்கு அடியில உட்கார்ந்தா கண்ணு எங்க நிக்கும்? குத்தமா சொல்லல, மனுஷ உடம்புதானே. இந்த ஒரு பேட்ச்சைத் திருப்பிப் பார்க்கச் சொல்லுங்க. அதுக்கு முன்னாடி இவங்க ரெண்டு பேரும் பார்த்த மூணு பேட்ச் குடோன்ல இருக்கு. அப்போ நோன்பு ஆரம்பிக்கல. அது இன்னிக்கு நாலு மணி லாரில போகட்டும்."

எவ்வளவு நியாயமாகப் பேசினார் பாருங்கள்! அந்த மூன்று பேட்ச்சிலும் பாதி என் கண்ணால் தப்பித்துப் போனது என்று அந்த ஹாலில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

கமலநாதன் சார் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. "ரெண்டு பேருக்கும் இப்பவே கண் டெஸ்ட்" என்றார்.

முதலுதவி அறைக்குப் போனோம். முதலில் மும்தாஜ். ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு படித்தாள். குரல் நடுங்கியது. பசியாலா, பயத்தாலா, தெரியாது. கடைசி வரிக்கு வந்தாள். மூன்றாவது எழுத்தில் நின்றாள். ஒன்று சொன்னாள். "இல்ல, இல்ல" என்று மாற்றிச் சொன்னாள். சொன்ன இரண்டுமே தப்பு. எனக்குத்தான் அது மனப்பாடமாயிற்றே! உற்பத்தி மேனேஜர் கமலநாதன் சாரைப் பார்த்தார். சார் எழுதிக்கொண்டார்.

அடுத்து நான். மேலிருந்து கீழ்வரை கடகடவென்று, ஒரு எழுத்து பிசகாமல் ஒப்பித்தேன்.

அவள் நிஜமாகப் படித்தாள், அதனால் தடுமாறினாள். நான் படிக்கவே இல்லை, அதனால் தேறினேன். இதை இன்றைக்கு எழுதும்போதும் கை கூசுகிறது.

மும்தாஜை அன்று மதியத்திலிருந்து ஹாலை விட்டு எடுத்துவிட்டார்கள். நோன்பு இருக்கிற பெண்களையெல்லாம் இந்த மாசம் முழுக்க வேறு பிரிவுக்கு மாற்றலாமா என்று ஒரு பேச்சும் கிளம்பிவிட்டது. சாப்பாட்டு வேளையில் அவள் முதலுதவி அறையில் தனியாக உட்கார்ந்திருந்தாள். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஏன் போனேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை.

"அக்கா, நான் பார்த்துட்டுதான் விட்டேன். சத்தியமா. எனக்குப் பசிக்கவே இல்லக்கா. சின்ன வயசுலருந்து நோன்பு வெக்கறேன், எனக்குத் தெரியாதா என் உடம்பு?" என்றாள். பிறகு மெதுவாக, "ஆனா அந்த எழுத்து ஏன் தெரியலன்னு தெரியலக்கா. நான்தான் விட்டுட்டேனோ?" என்றாள்.

தன் கண் மேலேயே அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அதைச் செய்தது நான். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. "கவலைப்படாதே மும்தாஜ், எல்லாம் சரியாயிடும்" என்று ஆறுதல் சொன்னேன். கிராதகி!

மூன்று மணிக்கு லாரி வந்து குடோன் வாசலில் பின்பக்கமாக நின்றது. பெட்டிகளை ஏற்றுகிற சத்தம் ஹால் வரைக்கும் கேட்டது. ஒரு பெட்டி வைக்கிற சத்தம் கேட்கும்போதெல்லாம் ஒரு கையெழுத்து போட்ட மாதிரி இருந்தது எனக்கு. அன்றைக்குக் கையில் எடுத்த குப்பியை எல்லாம் சிவப்புத் தட்டிலேயே போட்டேன். நல்லதா கெட்டதா என்று சொல்லத் தெரியவில்லை. மூன்றரைக்கு எழுந்து போனேன்.

சார் அறையில் மும்தாஜ் நின்றுகொண்டிருந்தாள். ஹால் அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுக்க வந்திருந்தாள்.

"சார், அந்தச் சில்லு இருக்கற குப்பியை எனக்குக் காட்டுங்க" என்றேன்.

சார் என்னை ஒரு பார்வை பார்த்தார். ஏன் என்று கேட்கவில்லை. அவர் அறையிலேயே சோதனைக்கென்று ஒரு பெட்டி மேஜை உண்டு. விளக்கைப் போட்டுக் குப்பியை என் கையில் கொடுத்தார். துடைத்தேன். சுழற்றினேன். கறுப்புக்கு முன்னால் நிறுத்தினேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து.

"தெரியல சார்."

"இன்னொரு தரம் சுத்துங்க."

சுழற்றினேன். மருந்து பனிமூட்டம் மாதிரி இருந்தது. வளையம் வளையமாக விளக்கு தெரிந்தது, வேறொன்றும் இல்லை.

"தெரியல."

மும்தாஜ் என் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள். "அக்கா... அதோ. கீழ சுத்துதே. நிஜமாவே தெரியலையா?"

"தெரியலடி. ஒரு வருஷமா சரியாத் தெரியல. அந்த சார்ட் எனக்கு மனப்பாடம் சார்."

கமலநாதன் சார் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தேவலை. இன்டர்காமை எடுத்து, "லாரியை நிறுத்துங்க" என்றார். எதிர்முனையில் ஏதோ சொன்னார்கள். அவர் முகம் மாறியது. "எப்போ? நாலு மணின்னுதானே சொன்னாங்க?"

ஏற்றி முடித்ததும் லாரி கிளம்பிவிட்டதாம். பத்து நிமிஷம் ஆகிறதாம்.

குடோனுக்கு ஓடினோம். குடோன்காரர் டிரைவருக்குப் போன் அடித்தார். எடுக்கவில்லை. மறுபடி அடித்தார். சார் போனை வாங்கி ஸ்பீக்கரில் போட்டார். நாலாவது தரம்தான் குரல் வந்தது.

"இன்னா சார், பெருங்களத்தூர்ல நின்னுக்கினு கீறேன். ஒரு அடி நவுர மாட்டேங்குது, ஒரே பேஜாரா கீது."

ஜி.எஸ்.டி. ரோட்டு நெரிசலை அத்தனை வருஷமும் வாய் ஓயாமல் சபித்தவள் நான். அன்றைக்கு அங்கேயே, "ஸ்தோத்திரம் ஆண்டவரே" என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன்.

"வண்டியைத் திருப்புங்க" என்றார் சார்.

"இன்னாது, திருப்பறதா? எங்க சார் திருப்பறது? சரி, சரி, வர்றேன்."

அந்த லாரி திரும்பி வர முக்கால் மணி நேரம் ஆனது. நான் கேட் பக்கத்திலேயே நின்றேன். உட்காரச் சொல்லி யாரும் சொல்லவில்லை, எனக்கும் உட்காரத் தோன்றவில்லை.

எங்கள் கம்பெனியில் தாளில் தப்பு வந்தால் அழிக்கக் கூடாது. வெள்ளை மை பூசக் கூடாது. ஒரே ஒரு கோடு போட்டு அடிக்கணும், அடியில் இருக்கிறது படிக்கத் தெரியணும். பக்கத்தில் அடித்தவர் கையெழுத்தும் தேதியும், ஏன் என்கிற காரணமும் எழுதணும். மறுநாள் காலை சார் அந்த நாலு பேட்ச் தாள்களையும் என் முன்னால் வைத்துவிட்டுப் பேசாமல் நின்றார். முதல் கட்டத்தில், 'இன்ஸ்பெக்டட்' என்ற இடத்தில், என் பெயர். ஒவ்வொன்றிலும் கோடு போட்டேன். காரணம் என்ற இடத்தில், "பார்க்கவில்லை" என்று தமிழிலேயே எழுதினேன். சார் அதை இங்கிலீஷில் மாற்றச் சொல்லவில்லை.

அத்தனையும் திருப்பிப் பார்த்தவர்களில் மும்தாஜும் ஒருத்தி. நோன்போடுதான் பார்த்தாள். நாலு பேட்ச்சிலும் சேர்த்துப் பதினோரு குப்பி கிடைத்தது. பதினோரு பேர் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். அதற்கு முன்னால் அந்த ஒரு வருஷத்தில் வெளியே போனவற்றையும் திருப்பி வரவழைக்கச் சொன்னார் சார்; அதற்கு என்னால் கணக்கே போட முடியவில்லை.

எனக்கு மெமோ வந்தது, விசாரணை வைத்தார்கள். வேலையை விட்டு எடுக்கணும் என்றார் உற்பத்தி மேனேஜர். "சொன்னவங்களை எடுத்துட்டா, அடுத்தவங்க சொல்ல மாட்டாங்க" என்றார் கமலநாதன் சார். அட்டைப்பெட்டிப் பிரிவுக்கு மாற்றினார்கள். சார் எனக்காகப் பேசினாரே தவிர, அதற்குப் பிறகு பல மாசம் என்னோடு பேசவில்லை. சார்ட் சுவரிலிருந்து இறங்கியது. மூன்று சார்ட் வாங்கி அலமாரியில் பூட்டி, மாற்றி மாற்றி வைக்க ஆரம்பித்தார்கள்.

மும்தாஜ் ஒரே ஒரு தரம்தான் அதைப் பற்றிக் கேட்டாள். பஸ்ஸுக்கு நிற்கும்போது.

"அந்த எழுத்துல நான் தடுமாறினப்ப, அது என்ன எழுத்துன்னு உங்களுக்குத் தெரியும் இல்லக்கா?"

"தெரியும்."

அவள் தலையாட்டிவிட்டுப் பெண்கள் கூட்டத்தின் முன்பக்கம் போய் நின்றுகொண்டாள்.

இரண்டு கண்ணிலும் ஆபரேஷன் செய்துகொண்டேன். கட்டு பிரித்த அன்றைக்குச் சுவரில் இருந்த சிலந்தி வலை வரைக்கும் தெரிந்தது, வீடு இவ்வளவு அழுக்கா என்று திகைத்தேன். ஓய்வுக்கு எட்டு மாசம் இருந்தது. மறுபடி ஹாலுக்கு வர முடியுமா என்று கடிதம் எழுதிக் கொடுத்தேன். புது சார்ட் வைத்துப் படிக்கச் சொன்னார்கள், படித்தேன். அடுத்தது குப்பிப் பரிசோதனை. நல்ல குப்பிகளோடு குறையுள்ள குப்பிகளையும் கலந்து வைப்பார்கள், பிரித்தெடுக்கணும். அந்தக் குப்பிகளுக்குப் பொறுப்பு இப்போது மும்தாஜிடம் இருந்தது. அவள் எதிரில் போய் உட்கார்ந்தேன்.

முதல் குப்பியை நீட்டினாள். துடைத்தேன். சுழற்றினேன். கறுப்புக்கு முன்னால் நிறுத்தினேன். இரண்டு எண்ணுவதற்குள் தெரிந்துவிட்டது. மருந்தின் அடியில் ஒரு கண்ணாடிச் சில்லு, பளிச் பளிச்சென்று வெளிச்சத்தை வாங்கிக்கொண்டு சுற்றியது. குழந்தை நகத்தைக் கடித்துத் துப்பின துண்டு மாதிரி. லேபிளில் பேட்ச் நம்பரைப் பார்த்தேன்.

"மும்தாஜ், இது அந்தக் குப்பியா?"

"ஆமாக்கா. இந்தப் பரிசோதனைக் குப்பிகளோட சேர்த்துட்டாங்க."

"இவ்ளோ பெருசா?" என்றேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, மறுபடி எல்லாம் மங்கிப்போனது. "இவ்ளோ பெருசாவாடி இருந்துச்சு?"

அவள் துடைக்கிற துணியை என் பக்கம் தள்ளினாள்.

"அன்னிக்கும் இதே அளவுதான் இருந்துச்சு. கண்ணைத் துடைச்சுக்குங்க. அடுத்ததைப் பாருங்க" என்றாள்.